பத்தாவது ஆளை யார் எண்ணுவது?

நம்ம ஊர்ல பண்டிகைன்னு பேச்செடுத்தாலே ரெண்டு கட்சிதான். ஒண்ணு, 'தொடாதே' கட்சி. தாத்தா எப்படிச் செஞ்சாரோ அப்படியே செய்யணும், ஒரு தேங்காய் இடம் மாறினாலும் தெய்வக் குத்தம். இன்னொண்ணு, 'தூக்கிப்போடு' கட்சி. பண்டிகையெல்லாம் மூடநம்பிக்கை, லீவு விட்டா தூங்குங்க, வேற வேலை இல்லையா உங்களுக்கு?

ஸ்ரீரங்கத்துல குடியிருக்கிறவனுக்கு ரெண்டு கட்சியும் கூப்பிடு தூரம். ராஜகோபுரத்துக்கு எதிர்லயே பெரியார் சிலை. 2006 டிசம்பர்ல அந்தச் சிலையை உடைச்சப்ப ரெண்டு பக்கமும் பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு. எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரன் உண்டு, நண்பன் உண்டு. அதனால ரெண்டு பேர் மேலயும் கோபப்பட எனக்கு உரிமையும் உண்டுன்னு வெச்சுக்கங்க.

கோபத்துக்குக் காரணம் இதுதான். பச்சைமலை அடிவாரத்துல, துறையூர்ப் பக்கம் எங்க அம்மா ஊர். ஊர் பேரு வேணாம். மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவாங்க. ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுன்னு கணக்கு. காலனி வீடுகளுக்கு மட்டும் வரி கிடையாது. சலுகைன்னு நினைச்சுடாதீங்க. வரி குடுத்தவன் ஊர்க்காரன். அவனுக்குக் காப்புக் கட்டுற கூட்டத்துல இடம் உண்டு, வடத்துல கை வைக்கலாம், சாமி அவன் தெருவுக்கு வரும். வரி வாங்கலைன்னா அவன் கணக்குலயே இல்லைன்னு அர்த்தம்.

காலனிப் பசங்க இப்ப திருப்பூர், பெங்களூர்னு போய்ச் சம்பாதிக்கிறாங்க. "எங்ககிட்டயும் வரி வாங்குங்க"ன்னு கேட்டாங்க. வரி கட்டாம ஓடுறவனை உலகம் பார்த்திருக்கு. வரி வாங்கிக்கங்கன்னு கேட்டு நிக்கிறவனை நம்ம ஊர்லதான் பார்க்க முடியும். பெரியவங்க கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தாங்க: இந்த வருஷம் திருவிழாவே வேணாம்.

இதை ஒரு பகுத்தறிவு நண்பர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லதுதான், ஒரு திருவிழா ஒழிஞ்சுது!"

அங்கதான் எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. ஜாதி பார்க்கிறவன் பூட்டினான், ஜாதி ஒழிப்பு பேசுறவன் கை தட்டுறான். வரி குடுக்க வந்து நின்ன பையன் ரெண்டு பேர் கணக்குலயும் இல்லை. இது ஏதோ எங்க அம்மா ஊர் சமாச்சாரம்னு தள்ளிடாதீங்க. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில வடம் பிடிக்கிற தகராறுல தேர் வருஷக்கணக்கா நிலையிலயே நின்னு, கோர்ட்டு கேஸ்னு இழுத்து, 2024லதான் ஓடிச்சு. பங்கு குடுக்கிறதை விட நிறுத்தி வெக்கிறது மேல்னு நினைக்கிற புத்தி தமிழ்நாடு பூரா இருக்கு.

இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவுல மூணாவதா ஒரு வழி இருக்கான்னு நான் தேடினப்ப, போய் நின்ன இடம் கொஞ்சம் விநோதமானது. யூதர்கள். "ஸ்ரீரங்கத்துல உக்காந்துகிட்டு உனக்கு யூதப் பண்டிகை எதுக்கு?"ன்னு கேப்பீங்க. சொல்றேன்.

முதல்ல, அவங்க நமக்கு அவ்வளவு தூரத்து ஆளுங்க இல்லை. சென்னையில பவழக்காரத் தெருன்னு ஒண்ணு இருக்கே, பவழம் வித்த யூத வணிகர்கள் இருந்த தெரு அது. பழைய யூதக் கல்லறைகள் லாயிட்ஸ் ரோட்டுப் பக்கம் இன்னும் இருக்கு. கொச்சி நமக்கு ஒரு ராத்திரி ரயில். ரெண்டாவது, 'யாரைக் கணக்குல சேர்க்கிறது'ங்கிற சண்டையை ஒரு பண்டிகைக்குள்ள நின்னே போட்டவங்க அவங்க. போட்டு, பல இடத்துல ஜெயிச்சும் காட்டியிருக்காங்க.

அவங்க வழிபாட்டுல 'மின்யான்'னு ஒரு விதி. கூட்டு வழிபாட்டுல முக்கியமான பகுதிகளைச் சொல்லணும்னா பத்துப் பேர் வேணும். ஒன்பது பேர் இருந்தா பத்தாவது ஆளுக்குக் காத்திருக்கணும். பழைய வழக்கப்படி அந்தப் பத்துப் பேரும் ஆம்பளைங்களா இருக்கணும். ஒன்பது ஆணும் ஐம்பது பெண்ணும் உள்ள உக்காந்திருந்தாலும் கணக்கு ஒன்பதுதான். நம்ம தலைக்கட்டு வரி மாதிரியே இல்லை?

இப்ப கொச்சிக்கு வாங்க. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் 1568ல கட்டினது. பக்கத்துலயே அரண்மனைக் கோயில். நம்ம ஊரு காத்து பட்டா சும்மா விடுமா, அவங்களுக்குள்ளயும் அடுக்கு வந்துடுச்சு. பரதேசிகள், அதாவது 'வெள்ளை' யூதர். ரொம்ப முன்னாடியே வந்த மலபாரிகள், அதாவது 'கறுப்பு' யூதர். அதுக்கும் கீழே 'மெஷுஹ்ரார்'. விடுவிக்கப்பட்ட அடிமைகளோட வழிவந்தவங்கன்னு அர்த்தம். இவங்க ஜெபாலயத்துக்குள்ள பெஞ்சுல உக்காரக் கூடாது. தரையிலயோ வெளிப்பக்கம் படியிலயோதான் இடம். தோரா வாசிக்கக் கூப்பிட மாட்டாங்க. கல்யாண சம்பந்தம் கிடையாது. கல்லறையிலகூடத் தனி. (நமக்கு ஒண்ணும் புதுசில்லை. கத்தோலிக்கக் கல்லறைக்குள்ள ஜாதிச் சுவர் பார்த்த ஊர்தானே நம்ம திருச்சி மேலப்புதூர்.)

இதுல ஒரு வேடிக்கை. 16ஆம் நூற்றாண்டுலயே இந்தக் கேள்வி கொச்சியிலேர்ந்து கெய்ரோவுல இருந்த ரப்பி டேவிட் இப்ன் சிம்ராவுக்குப் போயிருக்கு. அவர் அந்தக் காலத்துல பெரிய அத்தாரிட்டி. முறைப்படி முழுக்குச் சடங்கு செஞ்சுட்டா அவங்களும் யூதர்தான், சம்பந்தம் வெச்சுக்கலாம்னு தீர்ப்பு எழுதினார். கொச்சிக்காரங்க கேட்டாங்களா? இல்லை. சாஸ்திரம் 'சரி'ன்னு சொன்ன பிறகும் வழக்கம் 'முடியாது'ன்னுது. 'சாஸ்திரம் இடம் கொடுக்கலை'ன்னு சொல்றவங்களை நான் ஏன் முழுசா நம்புறதில்லைன்னு இப்ப புரியுதா?

அந்த மெஷுஹ்ரார் குடும்பத்துல 1882ல பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். மதராஸ்ல சட்டம் படிச்சார். கொச்சி சட்டசபையில உறுப்பினரா இருந்தார். 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். படிச்ச மனுஷன், வக்கீல், பொதுக்கூட்டத்துல முழங்குறவர். ஆனா சொந்த ஜெபாலயத்துல பெஞ்சுல இடம் கிடையாது. அவர் என்ன செஞ்சிருக்கலாம்? 'போங்கடா நீங்களும் உங்க மதமும்'னு வெளியேறியிருக்கலாம். தனியா ஒரு ஜெபாலயம் கட்டியிருக்கலாம். சாலேம் சத்தியாக்கிரகத்தைக் கையில எடுத்தார். பிள்ளைகளைக் கூட்டிகிட்டுப் போய் அந்த ஜெபாலயத்துலயே உக்காந்தார். பண்டிகையை விடவும் இல்லை, அவமானத்தை ஏத்துக்கவும் இல்லை. 'யூத காந்தி'ன்னு அவருக்குப் பேரே வந்துடுச்சு. மெதுவா, வருஷக்கணக்குல, தடைகள் ஒண்ணொண்ணா விழுந்துச்சு. 1950ல அவர் மகனுக்கும் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பொண்ணுக்கும் கல்யாணம். அதையும் கொச்சியில நடத்த முடியாம பம்பாயில போய்த்தான் நடத்தினாங்க. சாலேம் 1967ல காலமானார். அவரைத் தரையில உக்கார வெச்ச அதே மட்டாஞ்சேரியில இன்னிக்கு அவர் பேர்ல ரோடு இருக்கு.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. 1948ல இஸ்ரேல் உருவானதும் கொச்சி யூதர்கள் பெரும்பாலும் கிளம்பிப் போயிட்டாங்க. வெள்ளை, கறுப்பு எல்லாரும்தான். மட்டாஞ்சேரியில பத்து ஆம்பளை சேர்க்கிறதே பெரும்பாடாச்சு. வர்ற டூரிஸ்டுல யூதர் யாராவது இருக்காங்களான்னு பார்க்கிற நிலைமை. கதவை அடைச்சதாலதான் ஆள் குறைஞ்சுதுன்னு நான் ஜல்லி அடிக்க மாட்டேன். முக்கியமான காரணம் குடிபெயர்வுதான். ஆனா 'யாரைச் சேர்க்கக் கூடாது'ன்னு நாலு நூற்றாண்டு கணக்குப் போட்ட இடத்துல, கடைசியில பத்தாவது ஆளைத் தேடி வாசலைப் பார்த்துகிட்டு நின்னாங்க பாருங்க, அது 'தொடாதே' கட்சிக்கு நான் வெக்கிற முதல் சாட்சி. தூய்மை சமூகத்தைக் காப்பாத்தும்னு சொன்னீங்களே, எங்கே காப்பாத்துச்சு?

அடுத்த சாட்சி பம்பாய். அங்க பெனே இஸ்ரேல்னு ஒரு யூத சமூகம். கொங்கணக் கரையில கப்பல் உடைஞ்சு ஒதுங்கினவங்கன்னு அவங்க கதை. எண்ணெய் ஆட்டுற தொழில். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டாங்க, அதனால 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார்னு ஊர்க்காரங்க பேர் வெச்சாங்க. பண்டிகைக்கெல்லாம் மராட்டியிலயே பேர். யோம் கிப்பூருக்கு 'கதவடைக்கிற பண்டிகை'. பெசாக்குக்கு 'புளிப்பு ஜாடியை மூடுற பண்டிகை'. எலியா தீர்க்கதரிசியை நினைச்சு 'மலீதா'ன்னு ஒரு படையல் போடுவாங்க. அவல், தேங்காய், வெல்லம் இல்லைன்னா சர்க்கரை, பழம். அவலும் வெல்லமும்! கோகுலாஷ்டமி வீடு மாதிரி இருக்கா இல்லையா? ஒரு பண்டிகை தன் ஊர் மண்ணைத் தின்னுதான் உயிரோட இருக்கும். 'ஆதியிலேர்ந்து மாறவே இல்லை'ன்னு எவனாவது சொன்னா அவன் வீட்டு அடுப்பங்கரையைப் போய்ப் பாருங்க.

இந்த சமூகத்துல 1890ல பிறந்தவர் ஜெருஷா ஜிராத். லண்டன்ல மகப்பேறு மருத்துவத்துல எம்.டி. வாங்கினார்.  அப்புறம் பம்பாய் காமா மருத்துவமனைக்குத் தலைமை. 1966ல பத்மஸ்ரீ. லண்டன்ல படிக்கிறப்ப அங்க லில்லி மாண்டகு, கிளாட் மாண்டிஃபியோர் எல்லாம் 1902ல தொடங்கியிருந்த தாராளவாத யூத இயக்கம் இவருக்குப் பழக்கமாச்சு. 1925ல பம்பாயில அதே வழியில யூத சமய ஒன்றியத்தைத் தொடங்கினார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உக்காரலாம், ஜனங்களுக்குப் புரியிற மொழியிலயும் வழிபடலாம். அதிலிருந்து வந்ததுதான் ரோதெஃப் ஷாலோம் ஜெபாலயம். 1925! ஈரோட்டுல 'குடிஅரசு' தொடங்கின அதே வருஷம். ஒரு பக்கம் ஒருத்தர் கோயிலைத் தூக்கிப்போடச் சொல்லிப் புறப்படுறார். இன்னொரு பக்கம் ஒரு டாக்டரம்மா ஜெபாலயத்துக் கதவைத் திறந்து உள்ள போய் உக்கார்றார். ரெண்டுமே அதிகாரத்துக்கு எதிரான வேலைதான். முதலாவதைப் பத்தி நமக்கு ஆயிரம் பதிவு இருக்கு. ரெண்டாவதைப் பத்தி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

இதே வேலை உலகத்துல வேற இடத்துலயும் நடந்துச்சு. 1922 மார்ச் 18, நியூயார்க். ஜூடித் காப்லான்னு பன்னிரண்டு வயசுப் பொண்ணு. பையன்களுக்கு மட்டும் இருந்த பருவச் சடங்கை அமெரிக்காவுல முதல் தடவையா ஒரு பொண்ணுக்குச் செஞ்சாங்க. அப்பவும் தோராச் சுருளை அவ கையில தரலை. தன்னோட அச்சுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசிச்சா. முதல் படி அவ்வளவுதான் இருக்கும். 1935ல ஜெர்மனியில ரெகினா யோனாஸ் முதல் பெண் ரப்பி ஆனார். 1944ல நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ்ல கொன்னாங்க. டெல்லி ஹுமாயூன் ரோடு ஜெபாலயத்துல பத்துப் பேர் கணக்குல பெண்களையும் சேர்க்கிறதா அதை நடத்துறவங்களே சொல்லியிருக்காங்க. ஆள் குறைவான ஊர், கதவை அகலமாத் திறந்துட்டாங்க.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பெசாக் பண்டிகை. எகிப்துல அடிமையா இருந்து வெளியேறின கதையைச் சாப்பாட்டு மேசையில உக்காந்து சொல்ற ராத்திரி. குழந்தைதான் கேள்வி கேக்கணும். புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, உப்புத் தண்ணி. 'வந்த கதை' எல்லா ஜனங்களுக்கும் உண்டு. பச்சைமலை மேல இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்துலேர்ந்து வந்த கதையைச் சொல்றாங்க. பெனே இஸ்ரேலுக்குக் கப்பல் உடைஞ்ச கதை. அந்தக் கதையை வெச்சு வேலி போடுறோமா, வாசல் வெக்கிறோமாங்கிறதுதான் கேள்வி. 1969 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட முதல் நினைவு நாள். வாஷிங்டன்ல ஒரு கறுப்பர் தேவாலயத்தோட கீழ்த்தளத்துல யூதர்களும் கறுப்பர்களும் சேர்ந்து உக்காந்து 'விடுதலை சேதர்'னு அந்த விருந்தை நடத்தினாங்க. ஆர்தர் வாஸ்கோ அதுக்குன்னே புதுசா ஒரு சடங்கு நூல் எழுதினார். அதே ரொட்டி, அதே கசப்பு. அடிமைன்னு சொல்றப்ப கண்ணுக்கு முன்னாடி இருக்கிற அடிமையையும் சேர்த்துச் சொன்னாங்க.

அப்புறம் அந்த ஆரஞ்சுப் பழம். பெசாக் தட்டுல ஆரஞ்சு கிடையாது. 1980கள்ல சுசானா ஹெஷல்ங்கிற பேராசிரியை ஒரு ஆரஞ்சைத் தட்டுல வெச்சார். சமூகம் ஒதுக்கி வெச்ச ஒருபாலின விருப்பம் உள்ள யூதர்களுக்காக. சுளையைச் சாப்பிட்டு, வெறுப்பைத் துப்புற மாதிரி கொட்டையைத் துப்பணும். கொஞ்ச நாள்ல கதையே மாறிப்போச்சு. யாரோ ஒரு ஆம்பளை 'பெண் ரப்பியா, தட்டுல ஆரஞ்சு மாதிரி பொருந்தாது'ன்னு சொன்னதாகவும், அதுக்குப் பதிலடியா ஆரஞ்சு வந்ததாகவும் ஊரெல்லாம் பரவிடுச்சு. என் வார்த்தையைப் பிடுங்கி ஒரு ஆம்பளை வாயில வெச்சுட்டாங்களேன்னு அவர் நொந்துகிட்டார். சீர்திருத்தத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. யாருக்காகத் திறந்தோமோ அவங்களே கதையிலேர்ந்து காணாம போயிடுவாங்க. கலெக்டர் ஆபீஸ்ல சமத்துவப் பொங்கல் போட்டோ எடுக்கிறப்ப, பானைக்குப் பக்கத்துல யார் நிக்கிறா, கூட்டிப் பெருக்கினவங்க எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க, புரியும்.

"யூதனைப் பத்தி இவ்வளவு பேசுற, பாலஸ்தீனம்?"னு கேக்க வர்றவங்களுக்கு: நியாயமான கேள்வி. இதே அளவுகோலை அங்கயும் வெக்கணும். வெக்கிறவங்க அவங்களுக்குள்ளயே இருக்காங்க. 2024 பெசாக் சமயத்துல நியூயார்க் புரூக்ளின் தெருவுலயே சேதர் நடத்தி, காசா போருக்கு ஆயுதம் குடுக்காதேன்னு உக்காந்து கைதானவங்க யூதர்கள்தான். 'நாமும் அடிமையா இருந்தோம்'ங்கிற நினைப்பு தன் பக்கத்து அரசையே கேள்வி கேக்க வெக்கலைன்னா அந்தப் பண்டிகை வெறும் சாப்பாடு.

சரி, வீட்டுக்கு வருவோம். 'இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மரபுக்கு ஒத்து வராது'ம்பாங்க. உறையூர்ல பிறந்த திருப்பாணாழ்வாரைக் காவிரிக்கு அந்தக் கரையிலயே நிறுத்தி வெச்சது யாரு? லோகசாரங்க முனி அவரைத் தோள்ல தூக்கிகிட்டு அரங்கன் முன்னாடி வந்தார்னு கதை சொல்லி, கார்த்திகை ரோகிணியில கொண்டாடுறோமே, அது எந்த நாட்டுச் சரக்கு? துலுக்க நாச்சியாருக்குச் சன்னதி வெச்சு ரொட்டி நைவேத்யம் பண்றது எந்த ஊர்ல? கதவைத் திறக்கிற கதை நம்மகிட்ட நிறையவே இருக்கு. கதையை வருஷாவருஷம் சொல்லிட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிறோம். குமாரவயலூர் முருகன் கோயில்ல 2021ல அரசு பயிற்சி முடிச்ச பிராமணரல்லாத ரெண்டு பேரை அர்ச்சகரா போட்டாங்க. 2023ல அந்த நியமனம் செல்லாதுன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு. திருப்பாணாழ்வார் கதை கேட்டு வளர்ந்த ஊருக்கு எட்டு மைல்ல நடக்குது இது.

'தூக்கிப்போடு' கட்சிக்கும் ஒரு வார்த்தை. மேலேர்ந்து உத்தரவு போட்டுப் பண்டிகையைத் திருத்தலாம்னு நினைச்சா 2003ஐ ஞாபகம் வெச்சுக்கங்க. 1950லேர்ந்து தூங்கிகிட்டிருந்த பலித் தடைச் சட்டத்தைத் தூசு தட்டிக் கோட்டையிலேர்ந்து உத்தரவு வந்துச்சு. கிடா வெட்டுற ஏழையோட குலசாமி வாசல்ல போலீஸ். அடுத்த வருஷமே சட்டத்தையே ரத்து பண்ண வேண்டியதாச்சு. உள்ள இருக்கிறவன் கேக்காத மாற்றம் நிக்காது. உள்ள இருக்கிறவன் கேக்கிற மாற்றத்துக்குக் கூட நிக்காம 'ஒழிஞ்சுது'ன்னு கை தட்டுறது பகுத்தறிவும் இல்லை. உங்களுக்குச் சாமி வேணாம்னா வேணாம். வரி நோட்டுல பேர் எழுதச் சொல்லி ஒருத்தன் நிக்கிறப்ப அவன் பக்கத்துல நில்லுங்க. வைக்கத்துல பெரியார் கோயில் தெருவுக்காகச் சிறைக்குப் போனாரே, சாமி கும்பிடவா போனார்?

பதிவர் நண்பர்களே, உங்க ஊர்த் திருவிழாவுக்கு இந்த வருஷம் போங்க. போனதும் மூணு விஷயம் பாருங்க. வரி நோட்டுல யார் பேர் இல்லை? சாமி எந்தத் தெரு முனையில திரும்பிடுது? கூட்டத்துல முடிவு எடுக்கிறப்ப எத்தனை பொம்பளைங்க உக்காந்திருக்காங்க? பார்த்ததை எழுதுங்க. அம்மா ஊர்ப் பெரியவங்ககிட்ட நான் கேட்டாச்சு: காலனி வீடுகளையும் எழுதின புது நோட்டு போடுங்க, இல்லைன்னா என் அம்மா வீட்டு வரியும் வராது. இதுவரைக்கும் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

டிஸ்கி: அவல் மலீதா செய்முறை யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல கேளுங்க. ஊறவெச்ச அவல்ல தேங்காயும் வெல்லமும் போட்டுக் கிளறத் தெரியாத ஆள் தமிழ்நாட்டுல இருக்கீங்களான்னு பார்த்துடலாம் :-)